வெள்ளை வந்தா மெட்ராஸ்

தம்பி, பாப்பாவுக்கு என்ன வயசு? நாலா? நாலு போதும். நாலுதான் ரொம்பச் சரி. விவரம் தெரியாம இருக்கணும், ஆனா காட்டுன பொருளைக் கையை நீட்டி எடுக்கத் தெரியணும். ஏன் பாப்பாவ அந்தப் பக்கம் இழுக்குறீங்க? நான் அப்படிப்பட்ட ஆள் இல்ல தம்பி. நெத்தியில துன்னூறு, கையில காப்பு, பாத்தாத் தெரியலையா? கோயில் பூசாரி. பாப்பா எனக்கு ஒரே ஒரு காரியம் செய்யணும். அரை நிமிசம்கூட ஆகாது. இப்ப வேணாம். பஸ்ஸு விழுப்புரம் தாண்டட்டும். அது வரைக்கும் ஜன்னலோரம் உக்காந்து வேடிக்கை பாக்கட்டும். வெயில் மூஞ்சியில அடிக்குது பாருங்க, அந்தத் துண்டை இப்படித் தொங்க விடுங்க. ஆங்.

ஊரு மேலூருக்குக் கெழக்க. பேரு சொன்னாத் தெரியாது. செல்லாயி அம்மன் கோயில்னா சுத்துப்பட்டுல எல்லாருக்கும் தெரியும். எங்க ஆத்தாகிட்ட பூ கேக்காம அந்தப் பக்கத்துல ஒருத்தன் கெணறு வெட்ட மாட்டான், பொண்ணு குடுக்க மாட்டான், வெளிநாட்டுக்கு ஏற மாட்டான். பூ கேக்குறதுன்னா என்னன்னு தெரியும்ல? தெரியாதா? மெட்ராஸ்லயே பொறந்து வளந்தீங்களோ. சரி. வெள்ளை அரளி ஒண்ணு, செவப்பு அரளி ஒண்ணு. ரெண்டையும் தனித்தனியா வெள்ளைத்தாள்ல வச்சு, துன்னூறு பொட்டலம் மாதிரி மடிக்கணும். ஆத்தா காலடியில போட்டு மனசுல கேள்வியக் கேட்டுட்டு, ஒரு சின்னப் புள்ளைய விட்டு ஒண்ண எடுக்கச் சொல்லணும். வெள்ளை வந்தா செய்யலாம். செவப்பு வந்தா வேணாம். அம்புட்டுத்தான். எங்கப்பா அதைத்தான் செஞ்சாரு, நானும் அதைத்தான் செய்றேன். நான் மடிச்சா எது எதுன்னு எனக்கே தெரியாது, அப்படி ஒரு மடிப்பு.

மெட்ராசுக்கு எதுக்குப் போறேன்னுதானே கேட்டீங்க? புள்ளைக அங்க இருக்கு. ரெண்டும். மூத்தது நாகஜோதி, பன்னெண்டாவது பரீட்சை எழுதியிருக்கு. இளையவன் தினகரன், பத்தாவது. லீவுக்குப் போயிருக்கு. ஆமா, லீவுக்குத்தான்.

மூணு வருசமா இந்தப் பேச்சு ஓடுது தம்பி. கோடை லீவு விட்டுட்டாப் போதும், மெட்ராஸ் மெட்ராஸ்னு ரெண்டும் உசுர எடுக்கும். கூடப் படிக்கிற ஏதோ ஒரு பய போயிட்டு வந்து போட்டோவாப் போட்டிருக்கான். பூமிக்குள்ள ஓடுற ரயிலு, கண்ணாடிக்குள்ள மீனு, பீச்சுல குதிரை. மத்த அப்பன்னா என்ன சொல்லியிருப்பான்? சும்மா கெடங்கடான்னு சொல்லியிருப்பான். நான் அப்படிச் சொன்னதே இல்ல. கேட்டுப் பாருங்க, என் புள்ளைககிட்ட நான் ஒரு தடவைகூட "வேணாம்"னு சொன்னதில்ல. சைக்கிளு கேட்டான், டூருக்குப் போறேன்னா, டான்ஸ் க்ளாஸ்னா, எதுக்கும் நான் வேணாம்னு சொன்னதில்ல. "ஆத்தாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குவோம்"னு சொல்லுவேன். ஆத்தா சொல்லுவா. புள்ளைக மனசுல அப்பன் மேல ஒரு சின்ன வருத்தம் விழக்கூடாது பாருங்க.

திட்டம் போடுறதுல எனக்கு நிகர் கெடையாது. ராத்திரிச் சாப்பாடு முடிஞ்சதும் வாசல்ல கட்டிலப் போட்டு உக்காந்துருவோம். ஜோதி போன்ல மேப்பைத் தொறந்து வச்சுக்கும். தினா திங்கிற ஐட்டத்தையெல்லாம் சொல்லுவான். "அப்பா, எக்மோர்ல எறங்கி அங்கேருந்தே மெட்ரோல போயிரலாம்ப்பா"ன்னு அது சொல்லும். "ஒரு தடவை என்ன தாயி, ரெண்டு தடவை போவோம், போற ரயில்ல போயிட்டு வார ரயில்ல வருவோம்"பேன். சிரிக்கும் பாருங்க. பஞ்சவர்ணம், என் வீட்டுக்காரி, உள்ளேருந்து சத்தம் குடுப்பா, புளிச்சோறு எத்தனை வேளைக்குக் கட்டணும்னு. மூணு வேளைக்குக் கட்டுடின்னு நான் சொல்லுவேன். அந்தச் சந்தோசம் இருக்கே தம்பி. நேர்ல போறவனுக்குக்கூட அம்புட்டுச் சந்தோசம் வராது. போனா வெயிலு, கூட்டம், கக்கூசுக்கு அலையணும். பேசுறப்ப அதெல்லாம் ஒண்ணும் கெடையாது.

அப்பறம் ஒரு வெள்ளிக்கெழமை பாத்துப் பூ கேப்போம். செவப்பு வரும்.

வரும்னா என்ன அர்த்தமா? உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, நீங்க எறங்கிப் போயிருவீங்க. பூசாரின்னா கொஞ்சம் பாத்து நடத்தணும். மாப்பிள்ளை வீடும் பொண்ணு வீடும் பேசி முடிச்சு, மண்டபம் புடிச்சு, ஊரே வந்து நிக்கும். அந்த நேரத்துல செவப்பு வந்தா எத்தனை பேர் மனசு ஒடையும்? அதனால கல்யாணத்துக்கு ரெண்டுலயும் வெள்ளைதான் வைப்பேன். எத்தனை கல்யாணம்! எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஒண்ணு ரெண்டு கேஸு கோர்ட்டுக்குப் போச்சு, அது அவுக குணம். நான் பூ கேக்க ஆரம்பிச்சதுலேருந்து பாதிக்கு மேல வெள்ளை வெள்ளைதான். ஆத்தா பேரைச் சொல்லி நாலு பேருக்கு நல்லது நடந்தா ஆத்தா கோவிச்சுக்கவா போறா? புள்ளைக மெட்ராஸ் போறதுக்கு மட்டும் செவப்பு செவப்பு. ரெண்டுலயும்.

நெசமாவே கேட்டது எப்பவா? அது... எங்கப்பா இருந்தப்ப கேட்டிருக்கோம். விழுப்புரம் வந்துருச்சா? பஸ்ஸு நிக்குமா? பாப்பாவுக்கு பிஸ்கட்டு கிஸ்கட்டு வாங்கணும்னா வாங்குங்க. நான் பையப் பாத்துக்குறேன்.

இல்ல தம்பி, இப்ப வேணாம். திண்டிவனம் தாண்டட்டும். இன்னும் கொஞ்சம் கிட்டப் போயிக்குவோம். பாப்பா பிஸ்கட்டத் தின்னு முடிக்கட்டும். எச்சிக் கையோட எடுக்கக் கூடாது.

ஏன் புள்ளைகளக் கூட்டிட்டுப் போகலன்னு நீங்களும் கேக்குறீங்க. பஞ்சவர்ணமும் கேட்டா. எனக்கென்ன பயமா? பட்டணத்தப் பாத்த புள்ளைக அப்பறம் வீட்ல நிக்காது தம்பி. அதுதான். வேற ஒண்ணும் இல்ல. அஞ்சாறு வருசத்துக்கு முந்தி தீவாளிக்குத் துணி எடுக்க மதுரைக்குப் போனோம். பெரிய கடை. உள்ள ஓடுற படி இருக்குல்ல, அது தானா மேல போகுது. புள்ளைக ஏறிருச்சு. பஞ்சவர்ணம்கூட சேலையத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு ஏறிட்டா. எனக்கு எந்தப் படியில காலை வைக்கிறதுன்னு பிடிபடல. ஒண்ணப் பாக்குறேன், அது போயிருது. அடுத்ததப் பாக்குறேன், அதுவும் போயிருது. பின்னாடி ஒரே கூட்டம், "நகருங்க பெருசு"ங்கிறான் ஒருத்தன். எங்க ஊர்ல என் எதுக்க எவனும் துண்டைத் தோள்ல போட மாட்டான். தினா மேல நின்னுக்கிட்டு போன்ல படம் புடிக்கிறான். "காலை வைப்பா, வைப்பா!"ன்னு சிரிக்கிறான். அவன் சிரிச்சதுகூட எனக்குப் பெருசாத் தெரியல. ஜோதி கீழ எறங்கி வந்துச்சு. வந்து என் கையப் புடிச்சு, "அப்பா, நம்ம அந்தக் கல்லுப் படியில போவோம்ப்பா"ன்னு மெதுவாச் சொல்லுச்சு, யாருக்கும் கேக்காம. பன்னெண்டு வயசுப் புள்ளை. ஏதோ குருடனக் கூட்டிட்டுப் போற மாதிரி கூட்டிட்டுப் போச்சு தம்பி. அதைத்தான் என்னால தாங்க முடியல.

அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. பேச்சு வந்துச்சு, சொன்னேன்.

மொத வருசம் செவப்பு வந்ததும் ரெண்டும் அழுதுச்சு. மேலூருக்குக் கூட்டிட்டுப் போயி பரோட்டா வாங்கிக் குடுத்தேன், சரியாப் போச்சு. ரெண்டாவது வருசம் தினா மொறச்சுக்கிட்டு நின்னான். "ஏன் வேணாங்கிறா? காரணம் சொல்லச் சொல்லுங்க"ங்கிறான். பூ என்னைக்குடா காரணம் சொல்லியிருக்கு? ஆனா புள்ளை கேக்குது. ஏதாவது சொல்லணும்ல? கண்ண மூடி நின்னேன். வாயில வந்துச்சு. "தண்ணியில கண்டம் இருக்குன்னு ஆத்தா சொல்றா. ரெண்டு பேருக்கும். கடல் இருக்குற ஊரு ஆகாது." அவன் மூஞ்சி செத்துருச்சு. அப்பறம் அவன் மெட்ராஸ் பேச்சே எடுக்கல. நல்லதாப் போச்சுன்னு நெனச்சேன்.

அதுல ஒரு சங்கடம் வந்துச்சு. அவன் அப்பத்தான் பங்காளி வீட்டுக் கெணத்துல நீச்சல் பழகிக்கிட்டிருந்தான். இடுப்புல பிளாஸ்டிக் கேனக் கட்டிக்கிட்டு நல்லாவே அடிப்பான். தண்ணியில கண்டம்னு ஊரறியச் சொல்லிட்டு கெணத்துக்கு எப்படி அனுப்புறது? நாலு பேரு கேப்பான்ல? நிப்பாட்டிட்டேன். ஜோதியையும் கம்மாப் பக்கம் போக விடல. குளிக்கிறதெல்லாம் கொழாயடியிலதான். ஒரு வார்த்தை சொன்னா அதுக்குக் கட்டுப்பட்டு நடக்கணும், இல்லன்னா சொல்லக் கூடாது. அந்த விசயத்துல நான் ரொம்பக் கண்டிசனான ஆளு.

இந்த வருசம் ஜோதிதான் ஆரம்பிச்சுச்சு. "அப்பா, இந்தத் தடவ போறோமா?"ன்னு. ஏன் போகாம, திட்டம் போடுன்னேன். கட்டிலப் போட்டு உக்காந்தோம். பஞ்சவர்ணம் எந்திரிச்சு உள்ள போயிட்டா. புளிச்சோறு பத்தி அவ கேக்கவே இல்ல. ஜோதி எல்லாத்தையும் சொல்லிட்டுக் கடைசியில, "ஒரு காலேஜு இருக்குப்பா, உள்ளகூடப் போக வேணாம், வாசல்ல நின்னு பாத்துட்டு வந்துருவோம், மார்க் வந்தா அப்ளிகேசன் போடலாம்"னு சொல்லுச்சு. அதுக்கென்ன தாயி, அதையும் சேத்துக்கன்னு சொன்னேன். என் மூஞ்சியையே கொஞ்ச நேரம் பாத்துச்சு. "நெசமாவாப்பா?"ன்னு கேட்டுச்சு. "ஆத்தா மட்டும் வெள்ளை குடுக்கட்டும், நாளைக்கே கெளம்புவோம்"னேன்.

வெள்ளிக்கெழமை பூ கேட்டோம். பக்கத்து வீட்டுப் புள்ளை எடுத்துச்சு. செவப்பு. ஒருத்தரும் அழல தம்பி. எனக்கு அம்புட்டு ஆச்சரியம். தினா பல்ல இளிச்சுக்கிட்டு வேப்பமரத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறான். ஜோதி விழுந்து கும்புட்டுச்சு. கும்புட்டு எந்திரிச்சு, ஆத்தா காலடியில கெடந்த இன்னொரு பொட்டலத்தையும் சேத்து எடுத்து, ரெண்டையும் பைக்குள்ள வச்சுக்கிச்சு. "ஆத்தா காலடியில இருந்த பூதானப்பா, எங்கிட்டயே இருக்கட்டும்"ங்குது. அடுத்த பொட்டலத்த நான் யாருக்கும் குடுக்க மாட்டேன். அது வழக்கம் இல்ல. ஆனா அது கேட்ட விதம், எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. நம்ம புள்ளைக்கு எம்புட்டு பக்தி பாருடின்னு பஞ்சவர்ணத்துக்கிட்டச் சொன்னேன். அவ சேலையத் தட்டிக்கிட்டு வீட்டப் பாக்க நடந்துட்டா.

முந்தாநேத்து ரெண்டும் திருச்சியில சித்தி வீட்டுக்குப் போறோம்னு பையத் தூக்கிட்டுக் கெளம்புச்சு. நானே பஸ் ஏத்தி விட்டேன். திருச்சிக்கெல்லாம் எதுக்குப் பூ? ஜன்னல் வழியா ஜோதி கையக் காட்டுச்சு. தினா காட்டல.

திண்டிவனமா இது? தாண்டியாச்சா? சரி. மேல்மருவத்தூர் வரட்டும். நெறைய பேர் அங்க எறங்குவாக, கொஞ்சம் எடம் விசாலமாக் கெடைக்கும். பாப்பா தூங்கிருச்சா என்ன? எழுப்பாதீங்க. தூங்கட்டும்.

நேத்துச் சாயந்தரம் இது வந்துச்சு. இருங்க, போனக் காட்டுறேன். கண்ணாடி ஒடஞ்சிருக்கு, சாச்சுப் பாருங்க. தெரியுதா? கடக்கரை. மணலு. அது ஜோதியோட காலு, கொலுசு தெரியுது பாருங்க. இது அவன் காலு. அலை வந்து நனைக்குது. நடுவுல ரெண்டு வெள்ளைத்தாள் பிரிச்சு வச்சிருக்கு, பறக்காம இருக்க மேல சிப்பி வச்சிருக்கு. தாளுக்கு நடுவுல பூவு. காஞ்சு கருத்துப் போயிருக்கு. ஆனாலும் தெரியுது, செவப்பு தெரியத்தானே செய்யும்.

கீழ எழுதியிருக்கிறத நீங்களே படிங்க. நான் படிக்க மாட்டேன். "அப்பா, ரெண்டுமே செவப்பு. எனக்கு ஒம்பது வயசுலேயே தெரியும். கண்டம் இருக்கா இல்லையான்னு எறங்கிப் பாத்துட்டு வந்து போன் பண்றோம்." அம்புட்டுத்தான். அதுக்கப்பறம் போன் எடுக்கல. சுவிட்ச் ஆப்னு வருது. நேத்துச் சாயந்தரத்துலேருந்து அதேதான் வருது. திருச்சிக்குப் போன் போட்டா, புள்ளைக இங்க வரவே இல்லையேங்கிறா அவ சித்தி. மெட்ராஸ்ல எங்களுக்கு ஒருத்தரையும் தெரியாது.

ஒம்பது வயசுன்னு எழுதியிருக்குல்ல, அது எனக்கு ஞாபகம் இருக்கு. அப்ப பொட்டலம் எடுக்குறது ஜோதிதான். கைராசிக்காரப் புள்ளைன்னு ஊரே சொல்லும். ஒரு கல்யாணத்துக்குக் கேட்டோம், எடுத்துக் குடுத்துச்சு, வெள்ளை. எல்லாரும் கொலவ போட்டுட்டு நகந்த பெறகு பாத்தா, இது மூலையில உக்காந்து இன்னொண்ணப் பிரிச்சுக்கிட்டிருக்கு. கையில ஒரு அடி வச்சேன். "அடுத்த பொட்டலத்தப் பிரிச்சாக் கண்ணு அவிஞ்சு போயிரும்"னேன். சின்னப் புள்ளைய வேற எப்படி மெரட்டுறது? அதுக்கப்பறம் கொஞ்ச நாளு, காலையில எந்திரிச்சதும் கண்ணாடி முன்னால போயி நின்னு, ஒரு கண்ண மூடி மூடிப் பாக்குமாம். இந்தக் கண்ணு, அந்தக் கண்ணுன்னு. பஞ்சவர்ணம் சொல்லுவா. நான் விழுந்து விழுந்து சிரிச்சிருக்கேன். கண்ணு போகலன்னு தெரிஞ்சுக்கிச்சு போல. அன்னைக்கே தெரிஞ்சுக்கிச்சு. எட்டு வருசமா ஒரு வார்த்தை எங்கிட்டக் கேக்கல தம்பி. கட்டில்ல உக்காந்து எங்கூட மூணு வருசம் திட்டம் போட்டுச்சே, எல்லாம் தெரிஞ்சுக்கிட்டா போட்டுச்சு? இந்தத் தடவையாவது அப்பன் வெள்ளை வைப்பான்னு பாத்துச்சா? "நெசமாவாப்பா"ன்னு கேட்டுச்சே.

போலீசா? பஞ்சவர்ணம் நேத்தே குதிச்சா, ஸ்டேஷனுக்குப் போவோம்னு. போனா என்ன கேப்பாக? கடைசியா என்ன அனுப்புச்சுன்னு கேப்பாக. இந்தப் போட்டோவக் காட்டணும். எங்க ஸ்டேஷன் ஏட்டய்யா எங்க ஊர்க்காரரு. அவரு மக கல்யாணத்துக்கு நான்தான் பூ கேட்டேன். இதப் பாத்தா அவருக்குப் புரியாதா? பொழுது விடியிறதுக்குள்ள ஊருக்கே தெரிஞ்சு போயிரும். நான் வாங்குற மரியாதைய விடுங்க, எங்க ஆத்தாளப் பத்தி என்ன பேசுவாக? அத்தன கல்யாணத்தையும் தோண்டுவாக. அதுவும் போக, புள்ளைகளுக்கு ஒண்ணும் ஆயிருக்காது. என்னையப் பயங்காட்டத்தான் செய்யுதுக. போன்ல சார்ஜு தீந்திருக்கும். ஆமாவா இல்லையா? நீங்க மெட்ராஸ்காரரு, சொல்லுங்க. அந்தக் கடலு ஓரத்துல ஆழம் இருக்காதுல்ல? முழங்காலு வரைக்கும் நின்னா ஒண்ணும் செய்யாதுல்ல?



என்ன பாக்குறீங்க போன்ல? நியூஸா? வேணாம் தம்பி. அதை மூடுங்க. நேத்து பீச்சுன்னு எதையும் தேடாதீங்க. தேடுனாலும் எங்கிட்டச் சொல்லாதீங்க. மொதல்ல பாப்பா எடுக்கட்டும். அதுக்குத்தானே உங்க பக்கத்துல வந்து உக்காந்தேன். மாட்டுத்தாவணியில பஸ் ஏறுறப்பவே பாத்தேன், இந்தப் பஸ்ல உங்க பாப்பா ஒண்ணுதான் சின்னது. எங்க ஊர்ல எந்தப் புள்ளைய எழுப்பி எடுக்கச் சொன்னாலும், எதுக்கு, யாருக்குன்னு கேப்பாக. அதனால காலையில ஆத்தாளக் கும்புட்டுட்டு, மரத்துல பூவப் பறிச்சு, அவசர அவசரமா ரெண்டு பொட்டலம் மடிச்சுப் பையில போட்டுக்கிட்டு வந்துட்டேன். இந்தா. பாத்தீங்களா. ஈரத்துணியில வச்சுக் கொண்டாந்திருக்கேன், வாடல.

இது நெசமான பூ தம்பி. இதுல ஒண்ணும் கைவேலை இல்ல. ஒண்ணு வெள்ளை, ஒண்ணு செவப்பு. புள்ளைக நல்லாருக்குன்னா வெள்ளை. வெள்ளை வந்துருச்சுன்னா போலீசு எதுக்கு, கீலீசு எதுக்கு? நேராப் போயி பீச்சுல தேடிப் புடிச்சுருவேன். செவப்பு வந்தா... செவப்பு வந்தா நீங்க சொல்றபடி செய்றேன். சத்தியம். நீங்க சொன்ன போலீசு நம்பருக்கு நானே போன் போடுறேன்.

மேல்மருவத்தூர் போயிருச்சா? செங்கல்பட்டா இது? ஏரி தெரியுது. எம்புட்டுத் தண்ணி.

பாப்பாவ எழுப்புங்க தம்பி. இதுக்கு மேல தள்ள முடியாது.  பாப்பா, இங்க பாரு. தாத்தாவப் பாரு. பயப்படாத கண்ணு. இந்தத் துண்டு மேல ரெண்டு பொட்டலம் இருக்கா? உனக்கு எது புடிச்சிருக்கோ அதை எடுத்துத் தாத்தா கையில குடு. அப்பா கையப் பாக்காத, பொட்டலத்தப் பாரு. ஆத்தா. செல்லாயி. தாயே. எடு தாயி.

குடு. குடு.

வெள்ளை! தம்பி, வெள்ளை! பாத்தீங்களா? பாருங்க, நல்லாப் பாருங்க, வெள்ளை வெளேர்னு! நான் சொன்னேன்ல, சார்ஜு தீந்திருக்கும்னு! ஆத்தா என்னையக் கைவிட மாட்டா. அடிக்க மாட்டேன் தம்பி, திட்டக்கூட மாட்டேன். புள்ளைகளப் பாத்ததும் மொதல்ல அந்தக் காலேஜு எங்க இருக்குன்னு கேப்பேன். வாசல்ல என்ன, உள்ளயே போவோம். பூமிக்குள்ள ஓடுற ரயில்ல போவோம், ரெண்டு தடவை. ஓடுற படி இருந்தா இருந்துட்டுப் போகட்டும், ஜோதி கையப் புடிச்சுக்கிட்டு ஏறிர்றேன். பஞ்சவர்ணத்துக்குப் போனப் போட்டு, நீயும் பஸ் ஏறுடின்னு...

பாப்பா, அதைத் தொடாத தாயி. அந்தப் பொட்டலத்தப் பிரிக்கக் கூடாது. பிரிச்சாக் கண்ணு... இல்ல. கண்ணுக்கு ஒண்ணும் ஆகாது. பயப்படாத. அழாத.

பிரிச்சிருச்சா?

என்ன அது தம்பி? எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. என்ன நெறம் சொல்லுங்க.

வெள்ளையா? இல்லையே. நான் செவப்பு ஒண்ணு வச்சேன். பறிச்சேன் தம்பி, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, செவப்புத்தான் மொதல்ல பறிச்சேன். இருங்க, பையப் பாக்குறேன். துண்டு, சட்டை, தண்ணிப் பாட்டுலு... இந்தா. இந்தா கெடக்கு. செவப்பு பையிலயே கெடக்கு. நான் வைக்கவே இல்ல. நெசமாக் கேக்கணும்னுதான் தம்பி மடிச்சேன். என் புள்ளைக மேல சத்தியமா நெசமாத்தான் கேக்க நெனச்சேன். இந்தக் கை பழக்கத்துல தானா வெள்ளையா வச்சு மடிச்சிருக்கு.

அப்ப ஆத்தா ஒண்ணுமே சொல்லல. இப்ப மட்டும் இல்ல. என்னைக்கு நான் அவளப் பேச விட்டேன்?

தம்பி, அந்த நம்பரப் போடுங்க. நீங்களே பேசுங்க, எனக்கு வாய் கொழறுது. பொண்ணு பேரு நாகஜோதி, பதினேழு வயசு, பச்சைச் சுடிதாரு, கால்ல கொலுசு. பையன் தினகரன், பதினஞ்சு, ஒல்லியா இருப்பான். நேத்துச் சாயந்தரம் பீச்சுல இருந்துச்சுகன்னு சொல்லுங்க. போட்டோ கேட்டா அதையே அனுப்புங்க. பூவோடயே அனுப்புங்க. நீச்சல் தெரியுமான்னு கேப்பாக. தெரியாதுன்னு சொல்லுங்க. ஏன் தெரியாதுன்னு கேட்டா, போன எங்கிட்டக் குடுங்க.